செப்புக்காசு அடிப்பதில் அரசுகள் சறுக்கிய இடங்கள்

தங்கம், வெள்ளி நாணயங்களை நேர்த்தியாக அடித்த அரசுகள்கூடச் சில்லறைச் செப்புக்காசில் கோட்டை விட்டிருக்கின்றன. இங்கிலாந்து 1672-ல் முறையான செப்பு அரைப்பென்னியும் கால்பென்னியும் வெளியிட்டது. அந்த ஏற்பாடு ஓரளவு சீரானது 1860-ல்தான். இடையில் நடந்தவற்றைப் பார்த்தால், சில்லறை நாணயத்தில் செய்யக்கூடாதவை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

காசு மதிப்பைச் செம்பு விலைக்கு ஒட்டி வைப்பது

கணக்கின் அடிப்படை, ஒரு ராத்தல் (எடைப் பவுண்டு, சுமார் 454 கிராம்) செம்பிலிருந்து எத்தனை பென்னி வெட்டுவது என்பது. ஒரு டன் 2,240 ராத்தல். ஒரு பவுண்டு பணம் 240 பென்னி. 1797-ல் பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் தொழிலதிபர் மேத்யூ போல்டன் அடித்த கனத்த பென்னி, ராத்தலுக்கு 16. அதாவது ஒரு டன் காசின் முகமதிப்பு 149 பவுண்டுக்குச் சற்று மேல். செம்பு விலை அதைத் தாண்டினால் காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம். நெப்போலியன் போர்க்காலத்தில் விலை தாண்டியது. காசுகள் உலைக்குப் போயின.

விலை ஏறும் என்பது யாரும் ஊகிக்க முடியாத ஒன்றா என்ன? கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்துக்கே செப்புத்தகடு போய்க்கொண்டிருந்த காலம் அது. 1799-ல் ராத்தலுக்கு 18 பென்னி, 1806-ல் 24 என்று எடையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 24 என்றால் டன்னுக்கு 224 பவுண்டு.

இடைவெளி விட்டுவிட்டு, வேலையில் அலட்சியம் காட்டுவது

முகமதிப்புக்கும் செம்பு விலைக்கும் நடுவே இடைவெளி வேண்டும்தான். அடிகூலியும் அனுப்பும் செலவும் அதிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் அதே இடைவெளிதான் கள்ளக்காசு அடிப்பவனின் வருமானமும். 1717 முதல் ராத்தலுக்கு 23 பென்னி. காசுகளை அடித்ததோ கையால் சுழற்றும் திருகு அச்சு எந்திரத்தில். ஓரளவு கைத்தொழில் தெரிந்த எந்தப் பட்டறையும் அதைப் போலச் செய்துவிடலாம். பர்மிங்காம் பட்டறைகள் செய்தன. எடையையும் குறைத்ததால் லாபம் இன்னும் கூடியது.

சட்டமும் உதவவில்லை. 1771 வரை கள்ளச் செப்புக்காசு அடிப்பது பெருங்குற்றமாகவே கருதப்படவில்லை. அதற்குப் பிறகும் சிலர் அரசரின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு வாசகத்தைப் பொறித்து, 'இது அரசுக் காசின் நகலே அல்ல' என்று தப்பித்தார்கள். 1787-ல் புழக்கத்திலிருந்த அரைப்பென்னிகளைச் சோதித்தபோது, அரசுக் காசு என்று ஓரளவாவது சொல்லத்தக்கவை பத்தில் ஒன்றுகூட இல்லை.

தண்டனையைக் கூட்டுவதைவிட, போலி செய்யும் செலவைக் கூட்டுவதே பயன் தந்தது. போல்டன் நீராவி எந்திரத்தால் அடித்தார். செப்பு வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து அடித்ததால் எல்லாக் காசுகளும் ஒரே விட்டத்தில் சரியான வட்டமாக வந்தன. விளிம்பு அகலமாக உயர்ந்து நிற்க, எழுத்துகள் அதற்குள் பள்ளமாகப் பதிந்திருந்தன. பென்னி 36 மி.மீ. அகலம், ஒரு அவுன்ஸ் எடை. இரண்டு பென்னிக் காசு 41 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், இரண்டு அவுன்ஸ். தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. எடைக் கணக்கில்தான் முன்சொன்ன வினை.

வெளியிட்டதோடு கைகழுவுவது

என் பார்வையில் இதுதான் மிகப்பெரிய தவறு. நாணயச்சாலை செப்புக்காசை விற்கும், திரும்ப வாங்காது. ஆகவே சில கடைகளிலும் சாராயக்கடைகளிலும் காசு மலைபோல் குவியும். தொலைதூர ஊர்களில் கூலி கொடுக்கச் சில்லறை இருக்காது. இந்த ஓட்டையைத் தனியார் அடைத்தார்கள். 1787-ல் வேல்ஸின் ஆங்கில்சி தீவைச் சேர்ந்த பாரிஸ் (Parys) செப்புச் சுரங்க நிறுவனம் ஒரு அவுன்ஸ் எடையில் தன் சொந்தப் பென்னியை வெளியிட்டது. லண்டன், லிவர்பூல், ஆங்கில்சி ஆகிய இடங்களில் கேட்டவுடன் மாற்றித் தரப்படும் என்ற உறுதிமொழி காசின் ஓரத்திலேயே இருந்தது.

ரஷ்யா இதைவிட மோசமாக நடந்துகொண்டது. 1654 முதல் வெள்ளி மதிப்பிலேயே செப்புக் காசுகளை அடித்துச் சம்பளம் கொடுத்தது, வரியை மட்டும் வெள்ளியில் கேட்டது. 1662-ல் மாஸ்கோவில் கலகம் வெடித்தது. மறு ஆண்டு காசு திரும்பப் பெறப்பட்டது.

தேவையை அளக்காமல் உரிமம் தருவது

1722-ல் அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமம் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேயருக்குப் போனது. 14 ஆண்டுகளில் 360 டன், ராத்தலுக்கு 30 பென்னி. மொத்தம் 1,00,800 பவுண்டு. இங்கிலாந்தில் அப்போது ராத்தலுக்கு 23 மட்டுமே. அயர்லாந்து நாடாளுமன்றத்தை யாரும் கேட்கவில்லை. 1724-ல் லண்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டன் சோதித்து, உலோகம் சரியாகவே இருக்கிறது என்றார். அதனால் எதிர்ப்பு தணியவில்லை, 1725-ல் உரிமத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தரம் சரி என்ற சான்றிதழ், தேவைக்கு மீறிய அளவைச் சரிக்கட்டாது.

அடிக்கும் இடத்தை வெகுதூரத்தில் வைப்பது

சென்னை மாகாணத்துக்கான 20, 10, 5, 1 காசு நாணயங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803-ஆம் ஆண்டிட்டு சோஹோவில் அடித்து வாங்கியது. போலி செய்வது கடினம். ஆனால் சில்லறை வர மாதக்கணக்கில் கடல் தாண்ட வேண்டும். 1808-ஆம் ஆண்டிட்ட காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது.

1860-ல் பிரிட்டன் செம்பையே கைவிட்டது. 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம் சேர்ந்த வெண்கலம். ராத்தலுக்கு 48 பென்னி. காசு இலகுவானது, கடினமானது, தேய்மானமும் குறைவு. பழைய செப்புக்காசை அரசு திரும்ப வாங்கிக்கொண்டது.