மென்பவளத்தை வெட்டுவது லேசு, ஒட்டவைப்பதுதான் வேலை

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மென்பவளத்தை வெட்டித்தான் பெருக்குகிறோம். அதற்குள் கல் எலும்பு கிடையாது. புது பிளேடு ஒன்று இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒன்றை நாலாக்கிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். துண்டு சளி கக்கி வழுக்கும், கல்லைப் பிடிக்காது, இரவில் உருண்டுபோய் பம்பின் வாயில் சிக்கிக் கிடக்கும்.

வெட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள். கொழும்பில் முதல் எதிரி சூடு. தொட்டி 30 பாகையில் நிற்கும்போது வெட்டினால் காயம் ஆறுமுன் அழுகும். 25 முதல் 27 வரை இருந்தால் நல்லது. நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறிய ஃபேன் இரண்டு பாகை குறைக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். 100 லீட்டரில் 2 லீட்டர் ஆவியானால் உப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 35.7 ஆகிவிடும். வற்றியதை ஆர்.ஓ. தண்ணீரால் (சவ்வில் வடிகட்டிய நல்ல தண்ணீர்) மட்டும் நிரப்புங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது.

வெள்ளவத்தைக் கடலில் வாளியால் அள்ளி வருவதை நாங்கள் சொல்ல மாட்டோம். கால்வாய் வந்து விழும் கரை அது. லீட்டருக்கு 35 முதல் 38 கிராம் மீன்தொட்டி உப்பு கரைத்து, அடர்த்தி 1.025 பார்த்துக்கொள்ளுங்கள். முள் உள்ள அடர்த்தி அளவியில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலே அளவு கூடக் காட்டும், தட்டிவிட்டுப் பாருங்கள். வெட்டப்போகும் தாய்ப் பவளத்தையும் கடையில்தான் வாங்க வேண்டும். ஹிக்கடுவைப் பவளப்பாறை 2002 முதல் தேசியப் பூங்கா. அங்கே பிடுங்குவது குற்றம்.

லெதர் எனப்படும் தோல் பவளம் தொடங்க நல்லது. சில நாள் சுருங்கி, மெழுகு பூசினாற்போல மினுங்கினால் அது தோல் உரிக்கிறது, அப்போது தொடாதீர்கள். மற்ற நாளில் வெளியே எடுத்து, தொட்டி நீர் ஊற்றிய தட்டில் வைத்து, குடைபோன்ற மேற்பகுதியின் ஓரத்தில் 2–3 சென்டிமீட்டர் துண்டை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வேறு கிண்ணத்தில் சளி போகும்வரை அலசுங்கள். இதற்கு சுப்பர் குளூ பிடிக்காது, சளியோடு கழன்று வரும். பல்குச்சியைத் துண்டின் குறுக்கே செருகி, இரு முனைகளையும் இறப்பர் பேண்டால் சிறு கல்லோடு கட்டுங்கள். பேண்ட் சதைமேல் படக்கூடாது, படுகிற இடத்தில் அறுத்துவிடும். பிறகு மிதமான நீரோட்டத்தில் வையுங்கள்; சளி அங்கேயே தங்கினால் அழுகும். வெட்டியபின் அது நச்சுப் பொருளும் விடும் என்பதால் அன்றே வடிகட்டியில் நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பன் (கரி) போடுங்கள். துண்டில் கபில நிறக் கூழும் நாற்றமும் வந்தால், நல்ல சதை தெரியும்வரை அறுத்துவிட்டு மீண்டும் கட்டலாம்.

காளான் பவளத்துக்கு நேர்மாறான கவனிப்பு. தோசையை நாலாக்குவதுபோல, வட்டின் மத்தியிலுள்ள வாயின் நடுவால் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வாயின் ஒரு பகுதி இருந்தால் விரைவில் தேறும். கட்டவோ ஒட்டவோ வேண்டாம். ஐஸ்கிரீம் கப்பில் கடலை அளவு கற்களைப் பரப்பி, துண்டுகளை வைத்து, கப்பின் வாயை நுளம்பு வலையால் மூடி, ஓட்டமும் வெளிச்சமும் குறைந்த மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தாமாகக் கல்லைப் பிடிக்கும். பார்க்கும் ஆசையில் தினமும் வலையைத் திறப்பவர்களுக்குத்தான் தோல்வி அதிகம்.

பச்சை ஸ்டார் பாலிப் என்ற பவளம் பாய்போலப் படரும்; அந்த ஊதாப் பாயைக் கத்தரியால் நறுக்கி, அடிப்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி, ஜெல் வகை சுப்பர் குளூவால் ஒட்டினால் போதும். தனிக்கல்லில் வையுங்கள், இல்லையென்றால் தொட்டி முழுவதும் அதுதான்.

பொத்தான்போலக் கூட்டமாக வளரும் ஸோவாந்திட் வேறு கதை. அதில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். பாலிப்பை (ஒவ்வொரு தனிப் பொத்தானையும்) விட்டு, இடையிலுள்ள பாயையோ கல்லையோ வெட்டுங்கள். அது ஒட்டிய கல்லைச் சுத்தமாக்குகிறேன் என்று கொதிக்க வைக்கவே வேண்டாம். ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும், வீட்டில் எல்லோருக்கும் ஆபத்து.

லெதர் துண்டைப் பத்தாம் நாள் சோதியுங்கள். கல்லைத் தண்ணீருக்குள்ளேயே சரித்துப் பாருங்கள். ஓரம் தூக்காவிட்டால் பேண்டை வெட்டிவிட்டு, பல்குச்சியைத் திருகி மெல்ல உருவுங்கள். தூக்கினால் இன்னொரு வாரம்.