பழைய நுண்ணோக்கி அப்ஜெக்டிவை வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

பயன்படுத்திய அப்ஜெக்டிவ் (நுண்ணோக்கியில் பார்க்கும் பொருளுக்கு அருகிலிருக்கும் லென்ஸ் தொகுதி) ஒன்று கிடைத்ததும் உடனே நுண்ணோக்கியில் மாட்டிப் பார்க்கவே கை பரபரக்கும். அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். மாட்டிப் பார்த்தால் பிம்பம் மங்கல் என்பது மட்டுமே தெரியும். அந்த மங்கலுக்குக் காரணம் துடைத்தால் போகும் அழுக்கா, சரிசெய்ய இயலாத பழுதா என்பது தெரியாது.

முதலில் உடலில் பொறித்துள்ள எண்களைப் படியுங்கள். 40/0.65 என்றும், அதன்கீழ் 160/0.17 என்றும் இருந்தால், 40 என்பது உருப்பெருக்கம், 0.65 என்பது ஒளியைத் திரட்டும் திறன், 160 மி.மீ. குழல் நீளம், 0.17 மி.மீ. கவர்ஸ்லிப்பின் (ஸ்லைடில் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியின்) தடிமன். 160 இருக்க வேண்டிய இடத்தில் முடிவிலிக் குறி இருந்தால், அது 160 மி.மீ. குழலுள்ள நுண்ணோக்கியில் சரியான பிம்பத்தைத் தராது. மரை பொருந்துவதை நம்பிவிடாதீர்கள், 20.32 மி.மீ. மரை இரு வகைகளிலும் உண்டு. பொருத்தமின்மையால் வரும் மங்கலைப் பழுது என்று எண்ணி நல்ல அப்ஜெக்டிவை ஒதுக்கியவர்கள் பலர்.

அடுத்து முன் லென்ஸ். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்ஸை) கழற்றித் தலைகீழாகத் திருப்பி, கண் வைக்கும் முனை அப்ஜெக்டிவை நோக்கி இருக்குமாறு பிடித்தால், அதுவே நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்வரை அப்ஜெக்டிவை மெல்லச் சாய்த்துக்கொண்டே பாருங்கள். கீறல் கூர்மையான, பளிச்சென்ற கோடாகத் தெரியும். காய்ந்த எண்ணெய் விளிம்பில் தடித்து, நடுவில் திட்டுத்திட்டான படலமாகத் தெரியும். எனக்கு வந்த முதல் 40 மடங்கு அப்ஜெக்டிவைப் பழுது என்று மாதக்கணக்கில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் இப்படிப் பார்த்தபோது, மயிர்க்கோடுகளாக வெடித்திருந்த ஒரு மஞ்சள் படலம்தான் தெரிந்தது. எண்ணெயில் மூழ்கவைத்துப் பார்க்கும் 100 மடங்கு அப்ஜெக்டிவுக்காக ஸ்லைடில் விட்ட துளியின்மேல் யாரோ 40-ஐத் திருப்பியிருக்கிறார்கள். ஊதுபந்தால் தூசியை அகற்றிவிட்டு, லென்ஸ் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிதளவே நனைத்து, அழுத்தாமல் இரண்டு மூன்று முறை துடைத்தேன், பிம்பம் தெளிந்துவிட்டது. தாளை மாற்றாமல் மீண்டும் மீண்டும் துடைப்பதும், லென்ஸை ஆல்கஹாலில் ஊறவைப்பதும் கூடாது.

முன் முனையை ஒளிமிக்க சுவரை நோக்கிப் பிடித்து, பின் பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். கிளைவிட்டுப் பரவும் மெல்லிய இழைகள் பூஞ்சை. வானவில் நிறங்களோ, விளிம்பிலிருந்து உள்ளே நீளும் பன்னத்தழை போன்ற திட்டுகளோ தெரிந்தால், ஒட்டவைத்த இரு லென்ஸ்கள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். மேற்பூச்சின் சீரான ஊதா அல்லது பச்சைப் பளபளப்பை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரிந்த ஒட்டை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஸ்பிரிங் உள்ள அப்ஜெக்டிவின் முனை, லேசாக அழுத்தினால் தடையின்றி உள்ளே சென்று திரும்ப வேண்டும்.

இனி மாட்டலாம். அதே உருப்பெருக்கமுள்ள நல்ல அப்ஜெக்டிவ் ஒன்று கையில் இருந்தால் ஒரே ஸ்லைடை இரண்டிலும் பாருங்கள்; ஒப்பீடு இல்லாமல் மங்கலை அளக்க முடியாது. பிறகு ஐபீஸை எடுத்துவிட்டுக் குழலுக்குள் நேராகப் பார்த்தால், சீரான ஒளித்தட்டு ஒன்று தெரிய வேண்டும். இழையோ பிரிவோ இருந்தால் அங்கே நிழலாக விழும்.

கடைசிச் சோதனைக்கு, கவர்ஸ்லிப்பின் அடியில் கறுப்பு மை பூசி உலர்த்துங்கள். அதிலுள்ள நுண்துளைகளில் மிகச் சிறியதைப் பார்வைப் புலத்தின் நடுவில் கொண்டுவந்து, குவியத்தை மேலும் கீழும் மெல்ல நகர்த்துங்கள். வட்ட வளையங்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் விரிந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் தெளிந்து மறுபக்கம் கலைந்தால், முதலில் கவர்ஸ்லிப்பின் தடிமனைச் சந்தேகியுங்கள். வால்மீன்போல் ஒருபுறம் வால் நீண்டால், அப்ஜெக்டிவைச் சற்றே திருகுங்கள்; வாலும் கூடவே திரும்பினால் கோளாறு அதற்குள்தான், பெரும்பாலும் எப்போதோ கீழே விழுந்ததுதான் காரணம். அப்படிப்பட்டதை நான் எந்த விலைக்கும் வாங்கமாட்டேன். 4 மடங்கில் ஒரு மெல்லிய கீறலையோ, எண்ணெயில் மூழ்கும் 100 மடங்கின் ஆழமற்ற கீறலையோ பொறுத்துக்கொள்வேன். பின்னதில் எண்ணெயே அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும்.