முழங்கால் தேய்வு உள்ளவர்கள் செய்யவேண்டியதும் நம்பக்கூடாததும்

"எலும்பு தேஞ்சுபோச்சு, இனிக் காலுக்கு ஓய்வு குடுக்கவேணும்" என்பதே மூட்டுத் தேய்வு பற்றி வன்னியில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை; கூடுதலாகக் கெடுதல் செய்வதும் அதுவே. மூட்டு உழவு இயந்திரத்தின் ரயரைப் போன்றதன்று. எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்துக்கு இரத்தக் குழாய்கள் இல்லை; மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போதே மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. மாதக்கணக்கில் காலை நீட்டிக் கிடந்தால் தொடைத் தசை மெலிந்து, அது தாங்கவேண்டிய சுமையும் மூட்டின் மீதே இறங்குகிறது.

ஆகவே முதற் சிகிச்சை பயிற்சியே. உறுதியான ஒரு கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை முன்னே நீட்டி, முழங்காலை நேராக்கி 5 விநாடி வைத்திருந்து மெதுவாக இறக்கவும். 10 தடவை செய்தபின் மற்றக் காலுக்கு மாறவும். பழகியதும் கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமர்வதைச் சேர்த்துக்கொள்ளலாம். செய்யும்போது சிறிது நோவது கேடன்று. மறுநாள் காலையிலும் நோ கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிரக் கைவிடக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். வயலில் களை பிடுங்குபவர்கள் நெடுநேரம் குந்தியிருக்காமல், இடையிடையே எழுந்து வரம்பில் சற்று நடப்பது நல்லது.

இது முதியவர்களின் நோய் என்ற எண்ணம் நம் மண்ணில் பொருந்தாது. மூட்டில் பட்ட பழைய காயம் தேய்வை முன்கூட்டியே கொண்டுவரக்கூடியது. 2009 வரை நீடித்த போரில் முழங்கால் காயப்பட்டவர் நடுவயதிலேயே நோவை உணர்ந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. செயற்கைக் கால் அணிந்தவருக்கு மற்றக் காலே அதிகம் சுமப்பதால், அந்த முழங்கால் தேயும் வாய்ப்பு கூடுகிறது. அவர் செயற்கைக் காலின் பொருத்தத்தைக் காலத்துக்குக் காலம் சரிபார்ப்பதும் முழங்காலைப் பேணும் வேலைதான்.

பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக் போன்ற குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்குவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தரும் பழக்கம். அவை நோவைத் தணிக்குமேயன்றித் தேய்வை மாற்றா. இரைப்பையில் புண்ணையும் இரத்த அழுத்த உயர்வையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவதை எண்ணினால், வைத்தியரிடம் கேளாமல் அவற்றைத் தொடர்வது பெரும் துணிச்சல். அதே மருந்தை ஜெல்லாக முழங்காலில் பூசினால் இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. அதையே முதலில் கேட்டுப் பாருங்கள்.

பால் குடித்தால் தேய்வு மாறும் என்பது எலும்பு அடர்த்திக் குறைவு என்னும் வேறொரு நோயோடு இதைக் குழப்புவதால் வந்தது. எக்ஸ்றேயில் தேய்வு அதிகமாகத் தெரிந்தும் நோவின்றி நடப்பவர்கள் உண்டு; படத்தை மட்டும் பார்த்துச் சத்திரசிகிச்சைக்கு அஞ்சவோ அவசரப்படவோ தேவையில்லை. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். ஊன்றி நடக்கும் பொல்லை நோகும் காலின் பக்கத்தில் பிடிக்கிறோம்; அது பிழை. எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, நோகும் காலோடு சேர்த்து முன்வைப்பதே சரி.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேலாக மூட்டுகள் விறைத்திருந்தாலும் விரல் மூட்டுகள் வீங்கினாலும் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டவும். முழங்கால் திடீரெனச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால், எண்ணெய் பூசிக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவும்.