பட்டாளத்துத் தாத்தாவை விழாவுக்கு அழைத்துப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றார். அதனால்தான் அந்த நாள் முன்னாள் படைவீரர் தினம். பொங்கலை ஒட்டி வருவதால் விழா நடக்கும் நாளும் நேரமும் ஊருக்கு ஊர் மாறலாம். தேதியை மட்டும் நம்பிக் கிளம்பாமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதிகம் சொதப்புவது பதக்க விஷயத்தில்தான். முந்தின ராத்திரி பெட்டியைத் திறந்து, கறுத்துக் கிடக்கிறதே என்று புளியோ பாத்திரம் விளக்கும் பொடியோ போட்டுத் தேய்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: படை எண், ரேங்க், பெயர் என்று பொடி எழுத்தில் பதிந்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்து மழுங்கிப்போகும். ஈரம் பட்டால் ரிப்பன் சாயமும் இறங்கும். உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

ரிப்பன் நைந்துபோய் தையல்காரரிடம் கொடுப்பதானால், முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பதக்க வரிசைக்கு விதி உண்டு. உயர்ந்தது நெஞ்சின் நடுப்பக்கம் வரும். கலர் பொருத்தம் பார்த்து மாற்றித் தைத்துவிட்டால் அவருடைய சகாக்களின் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும். இடது மார்பில் குத்திக்கொள்வது ஈட்டியவரின் உரிமை. போட்டோவுக்காகப் பேரப்பிள்ளை சட்டையில் அதை மாட்டாதீர்கள்.

மலர்வளையம் வைத்ததும், பியூகிள் என்ற ஊதுகொம்பில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசை ஒலிக்கும். அது ஓய்ந்ததும் வரும் அமைதியை, நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நினைத்துச் சிலர் கைதட்டிக் கெடுத்துவிடுகிறார்கள். இறந்தவர்களுக்கான நேரம் அது, அசையாமல் நில்லுங்கள். அணிவகுப்பில் தேசியக் கொடி கடக்கும்போது அதைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றால் போதும். சல்யூட் சீருடையில் இருப்பவர்களுக்கு.

தேசிய கீதம் 52 வினாடிதான். ஆனாலும் முட்டிவலிக்காரர் ஒவ்வொரு முறையும் எழுந்து விறைப்பாக நிற்பார், ‘முடியவில்லை’ என்று வாய்திறக்க மாட்டார். பிடித்து எழ வசதியாக ஓர இருக்கை பிடியுங்கள். தண்ணீரும் மாத்திரையும் உங்கள் பையில் இருக்கட்டும்.

“எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்ற கேள்வி கூடவே கூடாது. பாராட்டிய கையோடு மிலிட்டரி கேன்டீன் மது பாட்டில் கேட்பது அதைவிட மோசம். “தாத்தா, ட்ரெயினிங் முடிஞ்சு முதல் போஸ்டிங் எங்கே?” என்று கேளுங்கள், அவரே பேசுவார். சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு), இ.எம்.இ. (இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவு), நேவி, ஏர்ஃபோர்ஸ் என எங்கே இருந்தாரோ அதைச் சொல்லியே அறிமுகப்படுத்துங்கள். சுபேதாராக இருந்து ஹானரரி (கௌரவ) கேப்டன் ஆனவரை ஃபிளெக்ஸில் வெறும் ‘ராணுவ வீரர்’ என்று அடித்தால், அத்தனை வருஷ உழைப்பையும் அழித்ததுபோல் ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அன்பு மிகுதியில் டிஸ்சார்ஜ் புக்கை (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த பணிப் புத்தகத்தை) லேமினேட் செய்யக் கொண்டுபோகாதீர்கள். அதில் பின்னால் திருத்தமோ சீலோ போட முடியாமல் போகும். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிட்டு, அசலைப் பத்திரப்படுத்துங்கள். அப்படியே பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் அந்தப் புத்தகத்திலும், பென்ஷன் ஆணையிலும், ஆதாரிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று தாத்தாவோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் குடும்பப் பென்ஷன் வாங்கும்போது அலைய வேண்டியவர் பாட்டிதான். தாத்தா இருக்கும்போதே திருத்திவிட்டால் வேலை சுலபம்.