விமானத் துறையில் உங்களுக்கு ஏற்ற வேலை எது? பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

விமானத் துறை என்றதும் பைலட்டும் கேபின் க்ரூவும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். ஆனால் ஒரு விமானம் கிளம்ப இன்னும் பலர் வேலை செய்தாக வேண்டும். பழுதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். பாதையையும் எரிபொருளையும் கணக்கிடுபவர் இன்னொருவர். எந்தச் சரக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர், ஓடுபாதையில் ஏற அனுமதி கொடுப்பவர் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றும் தனித் தொழில். படிப்பும் தேர்வும் வேறு வேறு.

இதில் எது நமக்குச் சரிவரும் என்று பார்க்கப் பலரும் செய்வது, நேராக ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்வது. அது கடைசியில் செய்ய வேண்டிய காரியம். செலவே இல்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள், சிறு செலவுள்ளவை அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: லைசென்ஸ் உள்ள வேலை எது, இல்லாத வேலை எது

விமானி, விமானப் பராமரிப்புப் பொறியாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், டிஸ்பாட்சர் (பாதையையும் எரிபொருளையும் கணக்கிடுபவர்) ஆகிய நால்வருக்கும் லைசென்ஸ் தரத்தை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்திருக்கிறது. அது குறைந்தபட்சத் தரம் மட்டுமே. உங்கள் நாட்டின் விமான ஒழுங்குமுறை ஆணையம் அதைவிடக் கடுமையாக விதிக்கலாம். அதனால் இங்கே வரும் எண்களை ஆணையத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேபின் க்ரூ, தரைப்பணி, லோட் கன்ட்ரோல் (எந்தச் சரக்கு எங்கே என்று தீர்மானிப்பது), விமான நிலைய நிர்வாகம் போன்றவற்றில் பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும் நிறுவனமே பயிற்சி கொடுக்கும். நுழையும் செலவு குறைவு. துறையை உள்ளிருந்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தீர்மானிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. கேபின் க்ரூ வேலையைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உணவு பரிமாறுவது அந்த வேலையின் ஒரு பகுதி; அவர்கள் அங்கே இருப்பதற்கான சட்டக் காரணம் பாதுகாப்பு. பொதுவான விதி, 50 இருக்கைக்கு ஒருவர். ஒரு பயணிகள் விமானத்துக்குச் சான்று கிடைக்க, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்த 90 நொடியில் கதவருகே நின்று குரல் கொடுக்கப்போகிறவர்கள் இவர்கள்தான். கூட்டத்தில் குரல் உயர்த்தத் தயங்குபவருக்கு இந்த வேலை சிரமம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் பட்டமும் விமானப் பராமரிப்பு லைசென்ஸும் ஒன்றல்ல. பட்டம் வடிவமைப்பு, ஆய்வு, உற்பத்திப் பக்கம் கொண்டுபோகும். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) விமானத்தைச் சரிபார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்திட லைசென்ஸ் வேண்டும். ஐ.சி.ஏ.ஓ. கணக்கில் அதற்கு 4 வருட வேலை அனுபவம் தேவை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்திருந்தால் 2 வருடம். நான்கு வருடம் பட்டப்படிப்பு முடித்த பிறகு இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

படி 2: மெடிக்கல்

விமானி ஆசை இருந்தால் வேறு எதையும் தொடும் முன் இதை முடியுங்கள். வணிக விமானிக்கு வகுப்பு 1, தனியார் விமானிக்கு வகுப்பு 2, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு வகுப்பு 3 மருத்துவச் சான்று வேண்டும். வகுப்பு 1-க்கு தூரத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலும் போதும். கூடுதலாக ஒரு கண்ணாடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. "கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுங்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் சாதாரணக் கண் மருத்துவரிடம் பார்வை அளவும் நிறப்பார்வையும் சோதியுங்கள். நிறப்பார்வைக்குப் புள்ளி வட்டங்களுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் இஷிஹாரா சோதனை போதும். அதில் தவறினால் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை. விளக்கு நிறங்களைச் சொல்லும் அடுத்த நிலைச் சோதனைகளைப் பல ஆணையங்கள் ஏற்கின்றன. இதயம், ரத்த அழுத்தம், நீரிழிவு தொடர்பான பழைய மருத்துவ அறிக்கைகள் இருந்தால் திரட்டி வையுங்கள். அதன் பிறகே ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் போங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அதிகாரபூர்வச் சோதனையில் சான்று மறுக்கப்பட்டால் அது பதிவில் நிற்கும். அடுத்த விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேட்கும் திறன் சோதனைக்கு முந்தைய நாள் இரைச்சலான இடத்துக்குப் போகாதீர்கள். காது சில மணி நேரம் மந்தமாகி, அளவு உண்மையைவிட மோசமாகக் காட்டும். எடுத்துக்கொள்ளும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் நோயை விட மறைத்ததுதான் பெரிய குற்றமாகும்.

பராமரிப்புப் பொறியாளருக்கும் டிஸ்பாட்சருக்கும் ஐ.சி.ஏ.ஓ. மருத்துவச் சான்று எதையும் கட்டாயமாக்கவில்லை. வகுப்பு 1 கிடைக்காதவர்கள் இந்த இரண்டையும் ஆறுதல் பரிசாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், பயண அட்டவணை போட்டு இயங்கும் விமான நிறுவனங்களில், ஒரு பயணம் கிளம்பலாமா என்ற பொறுப்பைக் கேப்டனோடு சமமாகச் சுமப்பவர் டிஸ்பாட்சர். அவர் கையெழுத்தில்லாமல் அந்த விமானம் கிளம்பாது.

படி 3: ஆங்கிலம்

பன்னாட்டுப் பாதைகளில் பறக்கும் விமானிக்கும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளருக்கும் ஐ.சி.ஏ.ஓ. அளவுகோலில் குறைந்தது நிலை 4 வேண்டும். நிலை 4 வாங்கியவர் 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வெழுத வேண்டும், நிலை 5 என்றால் 6 வருடத்துக்கு ஒருமுறை. நிலை 6-க்கு மறுதேர்வு இல்லை. இலக்கணத்தைவிட இங்கே முக்கியம், இரைச்சலான ரேடியோவில் பழக்கமில்லாத உச்சரிப்பைப் புரிந்துகொள்வதும், எதிர்பாராத ஒன்று நடந்தால் சொந்த வார்த்தையில் சொல்வதும். உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் நேரடி விமான ரேடியோ உரையாடல்களைத் தினம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். முதல் வாரம் பாதிகூடப் புரியாது, விட்டுவிடாதீர்கள்.

படி 4: காகிதமும் பேனாவும் வைத்து மூன்று வேலைகள்

ஒரு வேலை பிடிக்கிறதா என்று தெரிய அந்த வேலையின் சின்னத் துண்டு ஒன்றைச் செய்து பார்ப்பதே நல்ல வழி. எங்கள் கணிப்பில், நூறு வழிகாட்டி வீடியோக்களைவிட இந்த மூன்று பயிற்சிகள் அதிகம் சொல்லும்.

முதலாவது, கட்டுப்பாட்டாளரின் கணக்கு. ஒரே உயரத்தில் இரண்டு விமானங்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான பாதைகளில், ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன. முதல் விமானம் 420 நாட் (மணிக்கு 420 கடல் மைல்) வேகத்தில், புள்ளியிலிருந்து 56 கடல் மைல் தூரத்தில். இரண்டாவது 480 நாட், 70 கடல் மைல். ரேடாரில் குறைந்தது 5 மைல் இடைவெளி இருக்க வேண்டும். இருக்குமா?

முதல் விமானம் நிமிடத்துக்கு 7 மைல் போகும், 8 நிமிடத்தில் புள்ளியைத் தொடும். அந்த 8 நிமிடத்தில் இரண்டாவது 64 மைல் வந்திருக்கும். புள்ளிக்கு இன்னும் 6 மைல் பாக்கி. 6 என்பது 5-ஐவிட அதிகம், பிரச்சினை இல்லை என்று பெரும்பாலானோர் இங்கே பேனாவை வைத்துவிடுவார்கள். இன்னும் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முதல் விமானம் புள்ளியைத் தாண்டி 3.5 மைல் போயிருக்கும், இரண்டாவது புள்ளிக்கு 2 மைல் முன்னால் இருக்கும். பித்தாகரஸ் தேற்றப்படி இடைவெளி சுமார் 4 மைல். விதி உடைந்துவிட்டது. குறைந்தபட்ச இடைவெளி சந்திப்புப் புள்ளியில் வருவதில்லை, அதற்குச் சற்றுப் பிறகு வருகிறது. கட்டுப்பாட்டாளர் இதைக் காகிதமில்லாமல், பத்துப் பன்னிரண்டு விமானங்களுக்கிடையே, கண்ணால் பார்த்தே உணர வேண்டும். ஐந்து நிமிடம் முன்னதாகவே ஒன்றை 1,000 அடி மேலோ கீழோ அனுப்பிவிட வேண்டும். வேகத்தையும் தூரத்தையும் மாற்றிப் பத்துக் கணக்கு போடுங்கள். பத்தாவதிலும் ஆர்வம் குறையவில்லை என்றால் இந்தப் பாதையைத் தீவிரமாகப் பாருங்கள். வயது வரம்பை உடனே பாருங்கள்: அமெரிக்காவில் புதிதாகச் சேர 31 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, எடைச் சமநிலை. விமானிக்கும் லோட் கன்ட்ரோல் வேலைக்கும் இதுவே அரிச்சுவடி. ஒரு குறிப்புக் கோட்டிலிருந்து ஒவ்வொரு எடையும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எடுத்து, எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். ஒரு கற்பனைச் சிறு விமானம்:

காலி விமானம்: 700 கிலோ × 1.00 மீ = 700
முன் இருக்கை இருவர்: 150 கிலோ × 0.90 மீ = 135
எரிபொருள்: 80 கிலோ × 1.20 மீ = 96
பின் பெட்டி: 40 கிலோ × 2.50 மீ = 100

மொத்தம் 970 கிலோ, 1,031. வகுத்தால் 1.063 மீ. அனுமதி 0.90 முதல் 1.05 மீ வரை என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் மையம் பின்னால் போய்விட்டது. இப்படிப் பறந்தால் மூக்கு தானாக மேலே எழப் பார்க்கும். ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்கும் விசையை இழந்தால்) மூக்கைக் கீழே கொண்டுவருவது கடினம். பெட்டியை 20 கிலோவாகக் குறைத்துப் போடுங்கள்: 950 கிலோ, 981, மையம் 1.033 மீ. பறக்கலாம். வெறும் 20 கிலோ இத்தனை மாற்றுகிறதே என்றால், அது 2.50 மீ தூரத்தில் இருப்பதுதான் காரணம்.

மூன்றாவது, பராமரிப்பு. ஓடாத பழைய மின்விசிறி, மிக்சி மோட்டார் போன்ற ஒன்றை மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு முழுவதும் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகையும் எண்ணி, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். தொடங்கும் முன் கருவிகளை எண்ணி வையுங்கள், முடித்ததும் மறுபடி எண்ணுங்கள். எழுதியதை மட்டும் பார்த்து மறுநாள் பூட்டுங்கள். கழற்றுவது பிடித்து எழுதுவது பிடிக்கவில்லை என்றால், லைசென்ஸ் பெற்ற பொறியாளர் வேலை உங்களுக்குப் பொருந்தாது. அந்த வேலையில் பாதி, கையேட்டைப் பார்ப்பதும் பதிவு செய்வதும்தான்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 1990 ஜூன் 10 சம்பவம் போதும். பர்மிங்காமிலிருந்து மலாகா புறப்பட்ட பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானத்தில், சுமார் 17,000 அடி உயரத்தில், கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்ந்து போனது. அவர் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. கேபின் ஊழியர்கள் பிடித்துக்கொள்ள, துணை விமானி தரையிறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கண்ணாடியைப் பிடிக்க, பறப்புக்குச் சுமார் 27 மணி நேரம் முன் மாட்டிய 90 போல்ட்டில் 84-ன் விட்டம் 0.66 மில்லிமீட்டர் குறைவு. பாக எண்ணைப் பட்டியலில் பார்க்காமல், பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்ததுதான் மூலகாரணம்.

படி 5: எவ்வளவு காலம், எத்தனை மணி நேரம்

ஐ.சி.ஏ.ஓ. குறைந்தபட்சம்: தனியார் விமானி லைசென்ஸுக்கு 40 மணி நேரப் பறப்பு, வணிக லைசென்ஸுக்கு 200 மணி (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150), கேப்டனாக உட்காரத் தேவையான ஏர்லைன் லைசென்ஸுக்கு 1,500 மணி. இவை குறைந்தபட்சம் மட்டுமே; 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு. பட்ஜெட் போடும்போது ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் 200-க்கும் 1,500-க்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2013 முதல் ஏர்லைன் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி வேண்டும். அதனால் அங்கே பயிற்றுநராகவோ, சிறு சரக்கு விமானம் ஓட்டியோ மணிநேரம் சேர்ப்பார்கள். வேறு பல நாடுகளில் வணிக லைசென்ஸ், கருவி வழிப் பறப்புத் தகுதி (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறப்பது), பல விமானி ஒத்துழைப்புப் பயிற்சி இவற்றோடு நேராகத் துணை விமானியாகலாம். ஆனால் அந்த 200 மணி அளவு அனுபவத்தோடு போட்டியிடுபவர்களும் ஏராளம். எந்த நாட்டில் வேலை தேடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நாட்டு லைசென்ஸுக்கே படியுங்கள். வேறு நாட்டு லைசென்ஸை மாற்ற மறுபடி தேர்வு, மறுபடி பறப்புச் சோதனை, மறுபடி செலவு.

படி 6: பள்ளியில் கேட்க வேண்டியவை

முதலில் அறிமுகப் பறப்பு ஒன்று எடுங்கள். கட்டுப்பாட்டைச் சில நிமிடம் உங்கள் கையில் தருவார்கள். தலைசுற்றல் வந்தால் பயப்பட வேண்டாம், சில பறப்புகளில் பலருக்கும் போய்விடும்.

பிறகு பள்ளியிடம் கேளுங்கள்: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள்? விளம்பரத்தில் உள்ள எண்ணிக்கையை நம்பாமல், ஒரு நாள் காலை போய் ஹேங்கரில் பாகம் கழற்றிய நிலையில் நிற்பவற்றை எண்ணுங்கள். விமானம் குறைவாக இருந்தால் பாடங்களுக்கிடையே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விழும். கை மறந்துவிடும், பழைய பாடத்தையே மறுபடி பறக்க நேரும், அதற்கும் பணம் நீங்கள்தான் கட்டுவீர்கள். எழுத்துத் தேர்வுக் கெடுவும் நடுவில் ஓடும். ஐரோப்பிய முறையில் ஏர்லைன் லைசென்ஸின் 13 தாள்களையும் முதல் தேர்வு எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். பள்ளி மூடப்பட்டால் பணம் திரும்புவது அரிது. பறந்த மணிக்குப் பிறகு கட்டுவதோ, சிறு தவணைகளோதான் பாதுகாப்பு. ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: கூடுதல் மணிக்கு என்ன விலை, எரிபொருளும் தேர்வுக் கட்டணமும் உள்ளடக்கமா, நடுவில் விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து போடுங்கள்.