எச்.ஐ.வி.யின் மரபணு வரிசையைக் கொண்டு ஒரு வட்டாரத்தில் தொற்றுப் பரவும் வழியை அறிவது எப்படி?

எச்.ஐ.வி. தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை விடுகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் அதன் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லாததால், ஒரே உடலுக்குள்ளேயே அதன் மரபணு வரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும். அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்ற வைரஸ்களின் வரிசைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை விலகி நிற்கும். இந்த விலகலை அளந்து தொற்றுப் பரவும் பாதையை ஊகிக்கும் முறையை, பொது சுகாதாரத்திலும் ஆய்வகங்களிலும் புதிதாகப் பணியில் சேர்ந்திருப்போரை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

மாதிரி சேகரிக்கும் முன்பே கேள்வியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். “யார் யாருக்குத் தொற்றைக் கொடுத்தார்” என்பது இந்த முறைக்கு ஏற்ற கேள்வியன்று; “எந்த வயதினர், எந்தப் பாலினத்தார், எந்தப் பகுதியினர் இடையே தொற்று நகர்கிறது” என்பதே ஏற்றது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், வுலின்ட்லேலா, எடென்டேல் பகுதிகளில் 2014 ஜூன் முதல் 2015 ஜூன் வரை நடந்த ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. இளம் பெண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகமாகத் தொற்று ஏற்படுகிறது, அது எந்த வயது ஆண்களிடமிருந்து வருகிறது என்பதே அங்கு கேட்கப்பட்ட கேள்வி. 9,812 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 3,969 பேருக்குத் தொற்று இருந்தது. 1,589 பேரின் வைரஸ் வரிசைகள் ஆராயப்பட்டன.

3,969 எப்படி 1,589 ஆனது என்பதைப் புரிந்துகொண்டால் மாதிரி எடுப்பதில் உள்ள சிக்கல் பாதி விளங்கிவிடும். வரிசையைப் படிக்க, இரத்தத்தில் போதுமான வைரஸ் இருக்க வேண்டும். அந்த ஆய்வில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 1,000 வைரஸ் படிகளுக்கு மேல் இருந்தவர்களின் மாதிரிகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. கூட்டு மருந்துச் சிகிச்சையால் வைரஸ் அடங்கியவர்கள் இந்தப் படத்தில் வருவதேயில்லை. ஆகவே நாம் வரையும் வலை முழு ஊரின் வலையன்று. சிகிச்சை பெறாதவர்களும் சிகிச்சை பலிக்காதவர்களும் மிகுந்த ஒரு பகுதியின் வலை. இதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

புதிதாக வரிசையெடுக்கப் பணம் இல்லையென்றால், மருந்து எதிர்ப்புச் சோதனைக்காக மருத்துவமனைகள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் பொல் மரபணு (வைரஸின் நொதிகளுக்கான பகுதி) வரிசைகளை உரிய நெறிக்குழு அனுமதியுடன் பயன்படுத்தலாம். ஒவ்வொரு வரிசையுடனும் மாதிரி எடுத்த தேதி, தொற்று கண்டறியப்பட்ட தேதி, வயது, பாலினம், பகுதி ஆகியவை இருக்க வேண்டும். தேதி இல்லாத வரிசையைக் கொண்டு காலத்தைக் கணிக்க இயலாது.

அடுத்தது தூய்மைப்படுத்தல். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவறான முடிவுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. வரிசைகளை எச்.எக்ஸ்.பி.2 என்னும் மேற்கோள் வரிசையுடன் நேர்படுத்தி, இரு முனைகளிலும் தெளிவற்ற பகுதிகளை வெட்டிவிட வேண்டும். ஒரே நாளில், பல மாதிரிகளை ஒன்றாக வைத்துச் சோதிக்கும் ஒரே ஆய்வகத் தட்டில் ஓடிய இரண்டு மாதிரிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், தொற்றுத் தொடர்பு என்று மகிழாமல், ஆய்வகத்தில் மாதிரிகள் கலந்துவிட்டனவா என்று முதலில் பார்க்க வேண்டும். மருந்து எதிர்ப்புப் பிறழ்வுகள் வரும் இடங்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டுப் பார்ப்பதும் அவசியம். ஏனெனில் ஒரே மருந்தை உட்கொள்ளும் இரு அந்நியர்களின் வைரஸ்களும் அந்த இடங்களில் ஒரே மாதிரி மாறி, உறவு இருப்பதுபோல் தோற்றம் தரக்கூடும்.

பின்னர் ஒவ்வோர் இணை வரிசைக்கும் இடையிலான மரபணுத் தொலைவைக் கணக்கிட வேண்டும். எச்.ஐ.வி.-ட்ரேஸ் என்ற மென்பொருள் இதை டி.என்.93 என்னும் தொலைவுக் கணக்கு முறைப்படி செய்து, குறிப்பிட்ட எல்லைக்குள் வரும் இணைகளைக் கோடுகளால் இணைத்துக் கொத்துகளாகத் தரும். எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் ஆய்வாளரின் பக்குவம் தெரியும். 1.5 சதவீதம் என்பது வழக்கமாகப் பயன்படும் எல்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய தொடர்புகளும் அதற்குள் வந்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருக்கும் கொத்துகளைப் பிடிக்க 0.5 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. ஒரே எல்லையை நம்பி எழுதாமல், இரண்டு மூன்று எல்லைகளில் ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் நிலைக்கும் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை.

தொலைவுக் கணக்கோடு நின்றுவிடாமல், ஐக்யூ-ட்ரீ போன்ற மென்பொருளால், எந்த வைரஸ் எதிலிருந்து கிளைத்தது என்பதைக் காட்டும் பரிணாம மரமும் வரைய வேண்டும். மரத்தில் உங்கள் ஊர் மாதிரிகள் மட்டும் இருந்தால் எல்லோரும் எல்லோருக்கும் உறவினர்போலத் தெரிவார்கள். ஆகவே எச்.ஐ.வி. வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் லாஸ் அலமோஸ் தரவுத்தளத்திலிருந்து, அதே துணைவகையை (வைரஸின் மரபுக் கிளையை) சேர்ந்த வெளியூர் வரிசைகளில் மிக நெருங்கியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் இருப்பது சி துணைவகை என்பதால், பி துணைவகை மிகுந்த அமெரிக்க வரிசைகளைப் பின்னணியாக வைப்பதில் பயனில்லை.

வுலின்ட்லேலாவில் இவ்வாறு 90 கொத்துகள் கிடைத்தன. அவற்றில் 123 பெண்கள் 103 ஆண்களுடன் இணைந்திருந்தனர். 25 வயதுக்குட்பட்ட பெண்களோடு இணைந்த ஆண்கள் சராசரியாக 8.7 ஆண்டுகள் மூத்தவர்கள். 25 முதல் 40 வயதுப் பெண்களோடு இணைந்த ஆண்களுக்கோ வயது இடைவெளி சராசரியாக 1.1 ஆண்டு மட்டுமே. அதாவது, தம் வயதுப் பெண்களிடமிருந்து தொற்றைப் பெறும் ஆண்கள் அதை இளம் பெண்களுக்குக் கடத்துகின்றனர் என்ற சுழற்சி புலப்பட்டது. ஒருவர் பெயரும் தேவைப்படாமல், எந்த வயது ஆண்களைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இந்த முறை கைவிடும் இடமும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஸ்காட் கவுண்டியை மையமாகக் கொண்டு ஊசிவழிப் போதைப்பழக்கத்தால் பரவிய தொற்றில் 2015 நவம்பர் தொடக்கம் வரை 181 பேர் கண்டறியப்பட்டனர். ஆராயப்பட்ட 159 வரிசைகளில் 157 மிக நெருங்கியவையாக இருந்தன. ஒரே மூலத்திலிருந்து கிளம்பி மிக வேகமாகப் பரவியது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அத்தனையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்போது, உள்ளே யார் யாரோடு தொடர்புடையவர் என்பதை மரம் பிரித்துக் காட்டாது. அங்கே வீடு வீடாகச் சென்று பேசித் தொடர்புகளைக் கேட்டறியும் களப்பணியாளர்தான் துணை.

திசையைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘அ’வின் வைரஸும் ‘ஆ’வின் வைரஸும் நெருங்கியிருந்தால், ‘அ’ ‘ஆ’வுக்குக் கொடுத்திருக்கலாம், மறுதலையாகவும் நடந்திருக்கலாம், மாதிரியில் சிக்காத ‘இ’ இருவருக்கும் கொடுத்திருக்கலாம். ஓர் உடலிலுள்ள பல்வேறு வைரஸ் வகைகளையும் ஆழ்ந்து படித்துத் திசையை ஊகிக்கும் ஃபைலோஸ்கேனர் என்னும் கருவி 2018இல் வெளிவந்தது. அதுவும் குழுக்களின் அளவில்தான் நம்பத்தக்கது, தனி இணைகளில் தவறக்கூடும். அதே ஆண்டு 20 அறிவியலாளர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையும், ஒருவர் மற்றவருக்குத் தொற்றைக் கொடுத்தார் என்பதை இத்தகைய ஆய்வு மட்டும் நிறுவாது என்றே கூறியது.

மறுத்துரைக்க மட்டும் இது வல்லது. லிபியாவின் பெங்காசி மருத்துவமனையில் 400க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டதற்காகப் பல்கேரியச் செவிலியர் ஐவருக்கும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறழ்வுகள் சேரும் வேகத்தைக் கடிகாரமாகக் கொண்டு கணித்த ஆய்வு ஒன்று, அவர்கள் 1998 மார்ச்சில் அங்கு வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அம்மருத்துவமனையில் பரவத் தொடங்கிவிட்டதை 2006இல் காட்டியது. 2007இல் அவர்கள் விடுதலையாயினர். இத்தகைய காலக் கணிப்புக்கு பீஸ்ட் என்ற மென்பொருள் பயன்படுகிறது. அது தரும் ஒற்றைத் தேதியை எழுதாமல், அதன் முன்பின் வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசியாகக் கோப்புகள். வரிசைக் கோப்பும் பெயர்க் கோப்பும் ஒரே கணினியில் இருக்கக்கூடாது. இரண்டையும் இணைக்கும் குறியீட்டுப் பட்டியல் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள கொத்தை ஊர்ப் பெயரோடு படமாக வெளியிட்டால், சிறிய ஊரில் அவர்கள் யார் என்பதை அண்டை வீட்டார் அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார்கள்; அத்தகைய கொத்துகளை மாவட்ட அளவில் சேர்த்துக் காட்ட வேண்டும், அதுவும் இயலாவிட்டால் படத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.