முதலில் இடைவெளி, பிறகு கம்பு, அதன் பிறகு வாள்: வேலூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பயிற்சி வழிகாட்டி

தற்காப்புக் கற்க வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது, மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து கையை விடுவிக்கும் உத்திதான். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் ஒருநாள் முகாம்கள் பல அதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. சிலம்பத்தையும், ஐரோப்பாவின் பழைய சுவடிகளைக் கொண்டு மீட்டெடுக்கப்பட்ட வாட்பயிற்சியையும் சேர்த்துப் பழகிவரும் எனக்கு அந்த வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது. ஒருவன் கை உங்கள் மணிக்கட்டை எட்ட வேண்டுமானால், அதற்கு முன் அவன் குறைந்தது ஓரிரு எட்டு எடுத்துவைத்து நெருங்கி வந்திருக்க வேண்டும். அந்த எட்டுகளைக் கண்டுகொள்வதும் அவற்றுக்குக் காலால் பதில் சொல்வதும்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும். வாள் இதை மிக விரைவில் புரியவைத்துவிடுகிறது. எதிரில் நிற்பவர் கையில் மூன்றடி நீளப் பொருள் இருக்கும்போது, தவறான தொலைவில் நின்றால் அடுத்த நொடியே அடி விழும்.

வாள்முறையை மட்டும் கற்பிக்கும் இடத்தைத் தேடி அலைவதைவிட, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் சிலம்பக் களத்தில் சேர்ந்து தொடங்குவதே நல்லது. சேர்வதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர வேண்டாம். மாணவியின் தோளையோ இடுப்பையோ திருத்தும்போது மாஸ்டர் முதலில் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, அல்லது கம்பின் முனையாலேயே சுட்டிக்காட்டிவிடுகிறாரா என்று கவனியுங்கள். மூத்த மாணவர்களில் பெண்கள் இருக்கிறார்களா, ஒருவருக்கு அடிபட்டால் பயிற்சி நிற்கிறதா, வேகத்தைக் குறைத்துப் பழக நேரம் ஒதுக்குகிறார்களா என்பவற்றையும் பாருங்கள். மேடையில் சுற்றிக் காட்டும் அலங்கார வரிசைகளை மட்டுமே பழக்கும் களங்களும் உண்டு. அவை உடலுக்கு நல்லவை, பார்க்கவும் அழகானவை. ஆனால், எதிராளியின் முன் நின்று பழகாமல் தற்காப்பு கைவராது.

கம்பைக் கொடுப்பதற்கு முன் காலடிப் பாடம் சொல்லித்தரும் ஆசான் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். வீட்டில் பழகுவதற்குத் தரையில் ஒரு நேர்க்கோடு போதும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு காலை முன்னே நகர்த்தி, முன்பாதம் எதிராளியைப் பார்க்கவும் பின்பாதம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கவும் நின்று, இரண்டு முழங்கால்களையும் சற்று மடக்குங்கள். முன்னேறும்போது முன்கால் முதலில் நகர வேண்டும். பின்வாங்கும்போது பின்கால் முதலில் நகர வேண்டும். எப்போதும் பாதங்கள் ஒன்றையொன்று ஒட்டக் கூடாது, பின்னக் கூடாது. இது சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆயினும், இது பழகாத உடல் அச்சத்தில் பின்வாங்கும்போது குதிகால் தடுக்கி மல்லாந்து விழுந்துவிடும். தரையில் விழுந்தபின் மீள்வது எவருக்குமே கடினம். கோடையில் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் இதே அடிகளை வைத்துப் பாருங்கள். எந்தக் காலில் எடை தங்குகிறது என்பதை மணலே காட்டிவிடும்.

அடுத்து, இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய பயிற்சி. மூன்றடிக் கம்பு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை உங்கள் உள்ளங்கையிலும் மறுமுனையை இணையாளின் உள்ளங்கையிலும் வைத்து, விரல்களால் பிடிக்காமல் அழுத்தத்தாலேயே தாங்கி நிறுத்துங்கள். ஒருவர் விருப்பம்போல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர, மற்றவர் கம்பு விழாதபடி தொடர வேண்டும். தொலைவு கூடினால் கம்பு விழும். குறைந்தால் கை முட்டி மடங்கும். எங்கள் களத்தில் ஒரு கல்லூரி மாணவி, தன் தாய் வயதில் உள்ள இணையாளிடம், “அக்கா, கம்பைப் பார்க்காதீங்க, என் தோளைப் பாருங்க” என்று சொன்னாள். சொன்ன சில நிமிடங்களிலேயே அந்த அக்காவின் கால்கள் தாமாக நகரத் தொடங்கின. கை நகர்வதற்கு முன் தோளும், எட்டு வைப்பதற்கு முன் இடுப்பும் அசைவதால், பார்வையை எதிராளியின் மார்பு மட்டத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒருசேரத் தெரியும்.

இத்தாலிய வாட்போர் நூல்கள் தொலைவை இரண்டாகப் பிரிக்கின்றன: ஓர் எட்டு வைத்தால்தான் எட்டக்கூடிய அகன்ற தொலைவு, நின்ற இடத்திலிருந்தே எட்டக்கூடிய குறுகிய தொலைவு. இந்தப் பிரிவை அப்படியே தெருவுக்கு எடுத்துச்செல்லலாம். காட்பாடி ரயில் நிலைய நடைமேடையில் முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்டு நெருங்கினால், அவர் கையை நீட்டினாலும் எட்டாத தொலைவில் இருக்கும்போதே ஒரு காலைப் பின்னே வைத்து, இரு கைகளையும் திறந்தபடி மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்து பதில் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு அது சாதாரணமாகப் பேசும் நிலை. உங்களுக்கு அது தயார்நிலை. அவர் மேலும் நெருங்கினால் குரல் எழ வேண்டும். குரலையும் களத்திலேயே பழக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா” என்று கேட்டுப் பழகிய நாவுக்கு, “தள்ளி நில்!” என்று அடிவயிற்றிலிருந்து அதட்டுவது முதல் சில வாரங்கள் வராது. இணையாள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் ஒருமுறை அதட்டிப் பழகுங்கள்.

பிடியிலிருந்து விடுபடும் உத்திகள் இதற்குப் பிறகு வந்தால் எளிதில் கைகூடும். பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியை நோக்கி உங்கள் கையைத் திருப்பி, கையால் மட்டும் இழுக்காமல் ஒரு காலைப் பின்வைத்து உடல் எடையோடு இழுக்க வேண்டும். விடுபட்டதும் நின்று சண்டையிடாமல், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள பக்கமாக ஓட வேண்டும். கத்தி வைத்திருப்பவனிடம் எந்த உத்தியையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். பையைக் கேட்டால் கொடுத்துவிட்டு ஓடுங்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலிய ஆசான் ஃபியோரே தே லிபெரியின் நூல், முதலில் மற்போரையும் அடுத்துக் குறுவாளையும் சொல்லிவிட்டுத்தான் இரு கைகளாலும் பிடிக்கும் நெடுவாளுக்கு வருகிறது. குறுவாள் பகுதியில் அவர் மீண்டும் மீண்டும் காட்டுவது, கத்தி பிடித்த கையின் மணிக்கட்டை அடக்குவது. தப்பவே வழியில்லாத நிலைக்கு மட்டும் அதை மரக்கத்தியோடு பழகிவைக்கலாம்.

வாட்பயிற்சிக்கு வரும்போது, இதற்கு முன் பெண்கள் இதைச் செய்தார்களா என்ற கேள்வி எழுவது இயல்பு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில், நமக்குக் கிடைத்துள்ள ஐரோப்பிய வாட்போர்ச் சுவடிகளில் மிகப் பழையது இருக்கிறது. ஏறத்தாழ 1300ஐ ஒட்டிய காலத்துச் சுவடி அது. அதன் கடைசிப் படங்களில் வால்புர்கிஸ் என்ற பெண், வாளும் சிறு கேடயமும் ஏந்திப் பாதிரியார் ஒருவரோடு பயிற்சி செய்கிறாள். நம் காலத்தில், சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் வாள்வீச்சுப் போட்டியின் சேபர் என்ற வாள்வகைப் பிரிவில் ஆடி, ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் ஆனார். அவருடையது 14 மீட்டர் நீள மேடையில் நேர்க்கோட்டில் ஆடும் விளையாட்டு. வரலாற்று வாட்போரில் எதிராளியைச் சுற்றி வரலாம், வாளைப் பற்றலாம், மற்போருக்கும் போகலாம். பழைய வடஆர்க்காட்டைச் சேர்ந்த செங்கம் பகுதியின் பல்லவர் கால நடுகற்களில், ஆயுதம் ஏந்திக் கால்களை அகற்றி நிற்கும் வீரர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ஏக்கம் வருகிறது. கல் ஒரு கணத்தைத்தான் காட்டுகிறது; அதற்கு முந்தைய அடியையும் பிந்தைய அடியையும் எழுதிவைத்தவர் யாரும் இல்லை. ஐரோப்பியச் சுவடிகள் அவற்றை எழுதிவைத்திருக்கின்றன என்பதால்தான் அவற்றிடம் போகிறேன்; உயிரோடு இருக்கும் அசைவுக்குச் சிலம்ப ஆசானிடம் போகிறேன்.

நெடுவாளில் முதலில் பழக வேண்டியவை நான்கு நிலைகள்: வாளைத் தோளருகே உயர்த்திப் பிடிப்பது, தலையருகே பிடித்து முனையை எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்டுவது, இடுப்பருகே பிடித்து முனையை மேல்நோக்கி நீட்டுவது, முனையைத் தரை நோக்கித் தாழ்த்துவது. வலப்பக்கத்திலிருந்து வெட்டும்போது வலக்கால் முன்னே வர வேண்டும். ஆனால் கை முதலில் புறப்பட்டு, கால் அதைத் தொடர வேண்டும். கால் முதலில் போனால், வாள் வருவதற்கு முன் உங்கள் உடல் எதிராளியின் எல்லைக்குள் போய்விடும். 1599இல் எழுதிய ஆங்கிலேய ஆசான் ஜார்ஜ் சில்வர் இதையே தம் முறையின் அடித்தளமாகக் கொண்டார்.

சிலம்பக் கம்பு உங்கள் புருவ உயரம் இருந்தால் போதும். நெடுவாளைத் தரையில் ஊன்றினால் கைப்பிடியின் முனை அக்குளுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆசான் ஃபிலிப்போ வாடி சொன்ன அளவு. உயரம் குறைந்த பெண்கள் கடையில் கிடைக்கும் நீளமான வாளை வாங்கிவிட்டுத் தோள்வலியோடு போராடுவதற்கு இந்த அளவு நல்ல மாற்று. முதல் வாள் மரத்திலோ நைலானிலோ இருக்கட்டும். மெதுவான பயிற்சிக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் தைப்பவர்களிடம் கைக்கு அளவாகத் தைத்த கையுறை போதும். இரும்பு வாளுக்கு அது போதாது, விரல் எலும்பு முறியும். முகமூடி, கழுத்துக் காப்பு, கெட்டியான மார்புக் காப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் வேகமாக மோதவே கூடாது. கூர்வாள் எதற்கும் தேவையில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய வாளும் கத்தியும் ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை.

வேலூர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சு அடைத்த மேலங்கியும் முகமூடியும் அணிந்து அக்னி நட்சத்திரத்தில் பழகுவது ஆபத்து. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் முகமூடியைக் கழற்றுங்கள். உப்பிட்ட மோரைக் கையோடு கொண்டுபோங்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் நிழலுக்குப் போய் மேலங்கியைக் கழற்றி, உடலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பேச்சு குழறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டத்தையும் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அவை அனுமதிப்பதில்லை; ஆபத்து விலகியதும் அந்த உரிமையும் முடிந்துவிடுகிறது. அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 ஆகிய இரண்டு எண்களையும் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

முதல் மோதலுக்கு உங்களைவிட மூத்த, நிதானமான இணையாளைக் கேளுங்கள். பாதி வேகத்தில், தலையையும் கையையும் மட்டும் இலக்காக வைத்து, ஓர் அடி பட்டதும் நிறுத்திவிட்டு இருவரும் பழைய தொலைவுக்குத் திரும்ப வேண்டும். புள்ளி எண்ண வேண்டாம். ஆனால் ஒரே நேரத்தில் இருவருக்கும் அடிபட்டால், அதை இருவரின் தோல்வியாகவே கொண்டு, தொலைவைத் தவறவிட்டது யார், எந்த எட்டில் என்று இருவரும் பேசி முடித்த பிறகே அடுத்த மோதலைத் தொடங்குங்கள்.